பக்கப் பாதையை மூடி அறை கட்டும்போது காஸ் பொயிலரின் புகைக்குழாயை எங்கே எடுப்பது?

வரைபடமேசை எழுதியது:

வணக்கம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு விக்டோரிய வரிசை வீடு. பின்பக்கம் நீண்டு நிற்கும் குசினிக்கும் எல்லை மதிலுக்கும் நடுவில் 1.3 மீற்றர் அகலம், 6 மீற்றர் நீளத்தில் பக்கப் பாதை. அதற்குக் கூரை போட்டுக் குசினியை அகலப்படுத்துவதுதான் வேலை. 30 கிலோவாட் கொம்பி பொயிலர் (வீட்டுச் சூட்டுக்கும் சுடுதண்ணீருக்கும் ஒரே கருவி) குசினியின் பக்கச் சுவரில் இருக்கிறது. 60/100 கிடைப் புகைக்குழாய் அந்தப் பாதைக்குள்தான் வெளியே வருகிறது. எதிரே மதில், அதற்கு அப்பால் பக்கத்து வீட்டின் பாதை, பிறகு அவர்களுடைய குசினி யன்னல்.

புதிய கூரையில் பெரும்பகுதி கண்ணாடி, திறக்கிற கூரை யன்னல் இரண்டு. பின்சுவரில் தோட்டத்தைப் பார்த்து மடிப்புக் கதவு.

வீட்டுக்காரர் முன் இப்போது மூன்று யோசனைகள் இருக்கின்றன. கட்டடக்காரர் சொல்வது முதலாவது: புகைக்குழாய் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், புதிய அறையின் பின்சுவரில் இரண்டு காற்றுச் செங்கல் (காற்றுப் போக ஓட்டை உள்ள செங்கல்) வைத்தால் போதும் என்று. இரண்டாவது, பொயிலரை அசைக்காமல் புகைக்குழாயைச் செங்குத்தாகப் புதிய கூரைக்கு மேலே கொண்டுபோவது. மூன்றாவது, பொயிலரைப் பின்சுவர் மூலைக்கு மாற்றித் தோட்டப் பக்கமாக வெளியே விடுவது. முதலாவதை ஏற்க முடியாது என்பதை வீட்டுக்காரருக்கு விளக்கி எழுத வேண்டும். மற்ற இரண்டுக்கும் வரைபடத்தில் குறிக்க வேண்டிய தூரங்களும் வேண்டும்.

நீலச்சுடர் எழுதியது:

தம்பி, முதலாவதை வரைபடத்தில் இருந்தே எடுத்துவிடுங்கள். காற்றுச் செங்கல் வைத்தாலும் அது அறைதான், வெளி ஆகாது.

வீட்டுக்காரருக்குக் கணக்காகவே சொல்லலாம். 30 கிலோவாட் பொயிலர் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 3 கன மீற்றர் இயற்கை எரிவாயுவை எரிக்கும். ஒரு கன மீற்றர் காஸ் எரிய 10 கன மீற்றர் அளவு காற்று வேண்டும். மேலதிகக் காற்றையும் சேர்த்தால் மணிக்கு 38 கன மீற்றரை உறிஞ்சி, அதே அளவு எரிந்த வாயுவைத் தள்ளும். நீங்கள் சொன்ன பாதையை 2.5 மீற்றர் உயரத்தில் மூடினால் உள்ளே இருப்பது 19.5 கன மீற்றர் காற்று. அரை மணி நேரத்தில் அறையின் முழுக் காற்றும் பொயிலருக்குள் ஒருமுறை போய்வந்துவிடும்.

60/100 என்பது ஒன்றுக்குள் ஒன்றான இரட்டைக் குழாய். உள் 60 வழியாகப் புகை போகும், வெளி 100-க்கும் அதற்கும் இடைப்பட்ட வளையத்தால் காற்று உள்ளே வரும். இரண்டும் ஒரே இடத்தில் முடிவதால், மூடிய இடத்தில் பொயிலர் தன் புகையையே திரும்பக் குடிக்கும். ஒட்சிசன் குறையக் குறையச் சுடர் முழுதாக எரியாது, காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு) ஏறும். ஏறிய வாயு அந்த அறையிலேயே நிற்கும், அந்த அறை இனி குசினியின் பாதி. சாப்பாட்டு மேசை போடுகிற இடம் அது.

சட்டப்படியும் இடமில்லை. 1998-ஆம் ஆண்டின் காஸ் பாதுகாப்பு விதிகளில் 8-ஆம் விதி: காஸ் கருவி உள்ள கட்டடத்தில் அந்தக் கருவியின் பாதுகாப்பைக் கெடுக்கும் மாற்றம் எதையும் யாரும் செய்யக்கூடாது. கட்டடக்காரருக்கும் இது பொருந்தும். அறைக்குள் முடியும் புகைக்குழாயைக் கண்டால் காஸ் சேஃப் பதிவேட்டில் பதிவு பெற்ற பொறியாளர் அதை ‘உடனடி ஆபத்து’ என்று வகைப்படுத்துவார், வீட்டுக்காரரின் சம்மதத்தோடு அங்கேயே துண்டித்து லேபல் ஒட்டுவார். சம்மதிக்காவிட்டால் காஸ் அவசர சேவைக்கு அறிவிப்பார். ஆக, வீடு கட்டி முடிந்த அன்று சுடுதண்ணீர் இல்லாத வீடாகத்தான் இருக்கும்.

செங்கல்சாந்து எழுதியது:

அண்ணா சொன்னதோடு ஒன்று. இந்த மாதிரி வேலைகளில் ஆபத்து வீடு முடிந்த பிறகு மட்டுமில்லை, வேலை நடக்கும்போதே தொடங்கிவிடும். பாதைக்கு மேலே மழைக்குத் தார்ப்பாய் கட்டுவார்கள், சாரத்தைச் சுற்றிப் பிளாஸ்ரிக் தாள் இழுப்பார்கள். உள்ளே வீட்டுக்காரர் குளிக்கப் பொயிலர் ஓடும். அந்தத் தாளுக்குள்ளே புகை நிற்கும், பக்கத்தில் திறந்திருக்கும் யன்னலால் வீட்டுக்குள் போகும்.

அதனால் வேலை வரிசையில் புகைக்குழாய் மாற்றம் முதலில் வர வேண்டும். மூன்றாவது யோசனை என்றால் பின்சுவர் எழும்பும் வரை பொயிலரைக் கழற்றி வைக்க வேண்டிவரும். அந்த நாட்களுக்கு மின்சார ஹீட்டரும், மின்சார ஷவரும் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். பழையதைச் சில நாள் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் புகைக்குழாயின் வெளிமுனையைச் சுற்றித் தாள், பலகை, அடுக்கிய செங்கல் எதுவும் இல்லாமல் திறந்த வானம் இருக்க வேண்டும். சுவர் உடைக்கிற, கல் வெட்டுகிற நேரம் பொயிலரை நிறுத்துங்கள். செங்கல் தூசை உறிஞ்சினால் விசிறியிலும் எரிமுகத்திலும் படிந்து காற்று–காஸ் விகிதத்தைக் குழப்பிவிடும்.

புகைக்குழாயைக் கட்டடக்காரர் கழற்றிப் பிறகு தானே பூட்டுவதும் கூடாது. அது காஸ் வேலை. பதிவு அட்டை உள்ளவர்தான் தொட வேண்டும். அட்டையின் பின்பக்கத்தில் அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்று இருக்கும், திருப்பிப் பாருங்கள்.

வரைபடமேசை எழுதியது:

நன்றி அண்ணாமாரே. காஸ் கணக்கை அப்படியே கடிதத்தில் போடுகிறேன். இனி தூரங்கள். ஒவ்வொரு கையேட்டிலும் ஒவ்வோர் எண் இருக்கிறது. வரைபடத்துக்கு எதை எடுப்பது?

நீலச்சுடர் எழுதியது:

பொயிலர் இன்னும் தெரிவாகவில்லை என்றால் புகைக்குழாய்களுக்கான பிரித்தானியத் தரம் பி.எஸ். 5440 முதல் பகுதியின் எண்களை வையுங்கள். கட்டட ஒழுங்குவிதிகளின் ஜே ஆவணத்திலும் பெரும்பாலும் இவைதான். மாடல் முடிவானதும் அந்தத் தயாரிப்பாளரின் கையேடுதான் தீர்ப்பு. சிலர் பீலிக்கு (கூரைத் தண்ணீர் ஓடும் கால்வாய்), கூரை விளிம்புக்குக் குறைந்த தூரத்தை அனுமதிப்பார்கள், சிலர் கூடுதலாகக் கேட்பார்கள். மற்றக் கம்பனியின் கையேட்டில் இருக்கிற குறைந்த எண்ணைத் தேடி எடுத்து இங்கே பாவிக்க முடியாது.

விசிறியுள்ள, அறைக்காற்றைத் தொடாத பொயிலருக்கு:

திறக்கும் யன்னல், கதவு, காற்றுச் செங்கல் எதுவானாலும் அதற்கு மேலே, கீழே, பக்கவாட்டில் 300 மி.மீ. யன்னல் சட்டத்தில் இருக்கும் சின்னக் காற்றுக் கீற்றும் இதில் அடங்கும். பீலி, மலக்குழாய்க்குக் கீழே 75. கூரை விளிம்பு, பல்கனி இவற்றுக்குக் கீழே 200. செங்குத்தாக இறங்கும் குழாய்க்குப் பக்கத்தில் 150. உள்மூலை, வெளிமூலை 300. தரை, தட்டைக் கூரை, பல்கனித் தளத்துக்கு மேலே 300. எதிரே நிற்கும் சுவர் அல்லது எல்லைக்கு 600. எதிரே இன்னொரு பொயிலரின் முனை இருந்தால் 1200. ஒரே சுவரில் இரண்டு முனைகள் என்றால் ஒன்றுக்கு மேல் ஒன்றாக 1500, பக்கத்தில் பக்கத்தில் 300. பக்கவாட்டு எல்லைக்கு 300.

கண்டென்சிங் பொயிலரின் (புகையைக் குளிர்வித்து வெப்பத்தை மீட்கும் வகை) ஆவிக்குத் தனிக் கவனம் வேண்டும். எதிர் வீட்டின் யன்னல், கதவை நோக்கி விடுவதென்றால் 2.5 மீற்றர் தள்ளி இருக்கட்டும்.

அளவெடுக்கும்போது குழாயின் நடுப்புள்ளியில் இருந்து எடுக்காதீர்கள். முனையின் ஓரத்தில் இருந்து, யன்னல் திறப்பின் ஓரம் வரை. 100 மி.மீ. குழாயில் இந்த ஒரு வித்தியாசமே 50 மி.மீ. வரைபடத்தில் நடுப்புள்ளியைக் குறித்து 300 என்று எழுதினால் சுவரில் கிடைப்பது 250.

கோவைக்காரன்_லண்டன் எழுதியது:

இரண்டாவது வழியைப் பற்றிச் சொல்றேங்க. செங்குத்துக் குழாயைக் கண்ணாடி வழியா எடுக்க முடியாது, திடமான கூரைப் பட்டை ஒண்ணு வேணும். தட்டைக் கூரைக்கு மேல முனை குறைஞ்சது 300 மி.மீ. நிற்கணும். இதுவரைக்கும் சிக்கல் இல்லை.

சிக்கல் திறக்கிற கூரை ஜன்னல்கள்தான். பல கையேடுகள் கூரை ஜன்னலுக்குப் பக்கத்திலயும் மேலயும் 600 மி.மீ., சரிவில் ஜன்னலுக்குக் கீழே வந்தா 2000 மி.மீ. கேட்கும். சூடான வாயு மேல ஏறும், ஜன்னல் மேல இருந்தா நேரா அதுக்குள்ள போகும். அதனாலதான் கீழ்ப்பக்கத்துக்கு மட்டும் அவ்வளவு தூரம். 1.3 மீற்றர் அகலமான கூரையில, இரண்டு திறக்கும் ஜன்னலை வெச்சுக்கிட்டு, இந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். ஒரு ஜன்னலைத் திறக்காத கண்ணாடியா மாத்தினா வாய்ப்பு இருக்கு. அப்படி மாத்தினா, அது பின்னாடி திறக்கும் மாடலா மாறிடக் கூடாதுன்னு வரைபடத்திலேயே எழுதிடுங்க.

மேல் மாடியையும் பாருங்க. இந்த வகை வீடுகள்ல குசினிக்கு மேல பாத்ரூம் இருக்கும், அதோட ஜன்னல் இதே பாதையைப் பார்த்துத்தான் திறக்கும். செங்குத்து முனைக்கு நேர் மேல அந்த ஜன்னல் வந்தா, கோடையில அது திறந்திருக்கிற நேரமெல்லாம் புகை உள்ளே போகும்.

எனக்கு மூன்றாவதுதான் சரின்னு படுது. தோட்டப் பக்கம் திறந்த வெளி, காற்றோட்டம் நல்லா இருக்கும்.

வரைபடமேசை எழுதியது:

பாத்ரூம் யன்னல் சரியாக அந்த இடத்துக்கு மேலேதான் இருக்கிறது. அப்படியானால் மூன்றாவது. பின்சுவரில் எல்லைக்கும் மடிப்புக் கதவின் சட்டத்துக்கும் நடுவில் 800 மி.மீ. அகலமான செங்கல் துண்டு. அதன் நடுவில், எல்லையில் இருந்து 400-இல் குழாயின் மையம். ஓரத்தில் இருந்து அளந்தால் இரண்டு பக்கமும் 350 கிடைக்கிறது. உயரம் தளத்தில் இருந்து 2.2 மீற்றர். பீலியின் அடி 2.6 மீற்றரில். வேறு எதையாவது விட்டுவிட்டேனா?

நீலச்சுடர் எழுதியது:

எண்கள் சரி தம்பி. 2.2 மீற்றர் என்பதும் நல்லது. 2 மீற்றருக்குக் கீழே, ஆட்கள் நடமாடுகிற இடத்தில் முனை இருந்தால் கம்பிக் கூடு போட வேண்டும், இங்கே தேவைப்படாது.

ஆனால் மடிப்புக் கதவு எந்தப் பக்கம் மடிகிறது? அதை நீங்கள் எழுதவில்லை. பலகைகள் எல்லாம் மடிந்து ஒரு பக்கத்தில் சேரும்போது சுவருக்குச் செங்குத்தாக 700, 800 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அது புகைக்குழாய்ப் பக்கம் சேர்ந்தால், ஒரு பக்கம் எல்லை வேலி, மறுபக்கம் கண்ணாடிப் பலகைகள், நடுவில் முனை. மூன்று பக்கமும் மூடிய பொந்து மாதிரி ஆகிவிடும். புகை வெளியே பரவாமல் அந்தப் பொந்தில் சுழன்று, பக்கத்திலேயே அகலத் திறந்திருக்கிற கதவால் உள்ளே வரும். கோடை மாலையில் கதவைத் திறந்து வைத்துவிட்டு யாராவது குளிக்கப் போனால் இதுதான் நடக்கும். கதவு மூடியிருக்கும்போது எடுத்த அளவுகள் எல்லாம் சரியாகவே இருக்கும், அதனால் இதை யாரும் கவனிப்பதில்லை. பலகைகள் எதிர்ப்பக்கம் சேருகிற மாதிரி ஓடர் கொடுங்கள்.

அதே சுவரில் குசினி அடுப்புப் புகைப்போக்கியின் துவாரமும், துணி உலர்த்தியின் துவாரமும் வரும் என்றால் அவற்றையும் தள்ளி வையுங்கள். உலர்த்தியின் நூல் தூசையும் எண்ணெய் ஆவியையும் பொயிலர் உறிஞ்சிக்கொள்ளும்.

செங்கல்சாந்து எழுதியது:

தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2.2 மீற்றர் எந்தத் தளத்தில் இருந்து? தோட்டத்தில் பிறகு மரப்பலகை மேடை போட்டுக் கதவு மட்டத்துக்கு உயர்த்துவார்கள், 300 மி.மீ. எளிதாகக் குறைந்துவிடும். 2.2 இருந்தது 1.9 ஆகும், பிறகு கூடு வேண்டும். முடிந்த தளத்தில் இருந்து அளவைக் குறியுங்கள்.

கோவைக்காரன்_லண்டன் எழுதியது:

இனி பூட்டுற வேலை. இடம் சரியா இருந்தும் வேலை கெட்டுப்போறது பெரும்பாலும் இங்கதான்.

சரிவு: கண்டென்சிங் பாய்லருக்குக் குழாய் பாய்லரைப் பார்த்து இறங்கணும். பொதுவா 3 டிகிரி, அதாவது மீற்றருக்கு 52 மி.மீ. 1.8 மீற்றர் ஓட்டம்னா பாய்லர் பக்கத்தை விட வெளிமுனை 94 மி.மீ. உயரமா இருக்கும். இதை முதல்லயே கணக்குப் போட்டுச் சுவர்ல துளையைக் குறிக்கணும், இல்லேன்னா மேல்த்தட்டு அலமாரியில இடிக்கும். சில மாடல்கள்ல முனைத் துண்டுக்குள்ளேயே சரிவு வெச்சிருப்பாங்க, அந்தத் துண்டை மட்டும் மட்டமா வெக்கச் சொல்வாங்க. கையேட்டைப் பாருங்க.

மட்டமாவோ வெளிப்பக்கம் சரிவாவோ வெச்சா, புகை குளிர்ந்து வர்ற அமிலத் தண்ணி குழாய்லயே தேங்கும். பாய்லர் களகளன்னு சத்தம் போடும், முனையில சொட்டிச் சுவர் கறையாகும், குளிர்ல முனையில பனிக்கட்டி தொங்கும். தேங்கின தண்ணி கூடினா புகை போற வழியே அடையும். பழைய துளையைத் திரும்பப் பயன்படுத்தும்போது இதை ரொம்பக் கவனிக்கணும். பழைய சாதாரண பாய்லர்களோட குழாய் மழைத்தண்ணி உள்ளே வராம இருக்க வெளிப்பக்கமா சரிஞ்சிருக்கும். அதே துளையில புதுசைச் சொருகினா சரிவு தலைகீழாத்தான் வரும்.

வெட்டும் இடம்: உள்குழாய், வெளிக்குழாய் இரண்டையும் சதுரமா வெட்டி, பிசிரை அரத்தால நல்லா எடுத்துடணும். பிசிர் ஒண்ணு இருந்தாலே ரப்பர் வளையத்தைக் கிழிச்சிடும், கிழிஞ்சது வெளியே இருந்து பார்த்தாத் தெரியாது. வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் அல்லது கையேடு சொல்ற மசகு மட்டும், எண்ணெய் வேண்டாம். இணைப்பை அடி வரைக்கும் தள்ளணும். இணைப்பைப் பிடிக்கிற திருகாணி பெட்டியோட வந்ததா இருக்கட்டும். நீளமான திருகாணியைப் போட்டா வெளிக்குழாயைத் தாண்டி உள்குழாயையும் துளைச்சிடும், அப்போ புகை நேரா காற்று வளையத்துக்குள்ள கலக்கும்.

முழங்கை: ஒவ்வொரு 90 டிகிரி முழங்கையும் மொத்த நீளத்தில் இருந்து கழியும். ஒரு தயாரிப்பாளர் 1 மீற்றர்னு கணக்கு வைப்பார், இன்னொருத்தர் 2 மீற்றர். அனுமதிச்ச நீளத்தைத் தாண்டினா 80/125 அளவுப் பெரிய குழாய்க்குப் போகணும். முழங்கை, நீட்டுத் துண்டு எல்லாம் பாய்லர் தயாரிப்பாளர் அந்த மாடலுக்குன்னு சொன்னதா இருக்கணும். அளவு பொருந்துதேன்னு வேற கம்பெனித் துண்டைச் சொருகக் கூடாது.

சுவர்த் துளை: விக்டோரியச் சுவர் 225 மி.மீ. திடச் செங்கல், உங்க புதிய பின்சுவர் நடுவுல இடைவெளி விட்ட இரட்டைச் சுவரா இருக்கும். அந்த இடைவெளிக்குள்ள புகை இறங்காத மாதிரி இரண்டு முகத்தையும் சாந்தால அடைக்கணும். நுரை அடிச்சுட்டு மேல ரப்பர் வளையத்தை ஒட்டி மறைக்கிறது வேலை இல்லை.

முல்லைவீடு எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. பக்கப் பாதைக்கு மேலே அறை எதுவும் கட்டாமல் பொலிகார்பனேற் தகடு மட்டும் போட்டு, சைக்கிளும் பழைய சாமானும் வைக்கிற வீடுகள் நிறைய. முன்பக்கம் ஒரு மரக்கதவு, பின்பக்கம் திறந்தது. அதற்குள் முனை இருந்தால்?

நீலச்சுடர் எழுதியது:

கூடாது. மேலே மூடி, இரண்டு பக்கமும் சுவர், முன்னால் கதவு என்றால் ஒரே ஒரு பக்கம்தான் திறந்திருக்கிறது. கார் நிறுத்தும் கொட்டகைக்குள் முனை வரலாம் என்றாலும் குறைந்தது இரண்டு பக்கம் முழுதாகத் திறந்திருக்க வேண்டும், கூரைக்குக் கீழே 200 மி.மீ., அதற்குள் இருக்கும் வீட்டுக் கதவு, யன்னலில் இருந்து 1200 மி.மீ. இடைவெளி வேண்டும். இரண்டு வீட்டுக்கு நடுவில் உள்ள மூடிய நடைபாதைக்குள் முனை வைக்கவே கூடாது. அந்தத் தகட்டைக் கழற்றுவதுதான் மலிவான திருத்தம்.

நிலவறை வீடுகளில் முன்பக்கம் வெளிச்சக் கிணறு (நிலவறை யன்னலுக்கு வெளிச்சம் வர விட்ட பள்ளம்) இருக்குமே, அங்கேயும் இதே பிரச்சினை. கிணற்றுக்குள் முனை வைத்தால் அதன் மேல்விளிம்பில் இருந்து 1 மீற்றருக்குள் இருக்க வேண்டும். அடியில் வைத்தால் புகை கிணற்றிலேயே தங்கி நிலவறை யன்னலால் உள்ளே போகும்.

முல்லைவீடு எழுதியது:

நன்றி அண்ணா. தகட்டைக் கழற்றினால் வெள்ளைப் புகை நேரே பக்கத்து வீட்டு யன்னலுக்குப் போகிறது என்று அவர்கள் முறையிடுவார்கள். தூரம் 2 மீற்றர்தான் இருக்கும்.

கோவைக்காரன்_லண்டன் எழுதியது:

அந்த வெள்ளை, நீராவி குளிர்ந்து துளியா மாறுறதுங்க. கண்டென்சிங் பாய்லர் புகையை 55 டிகிரிக்குக் கீழ குளிர்விச்சுத்தான் வெப்பத்தை மிச்சம் பிடிக்குது, அதனால வெள்ளையாத் தெரியறது இயல்பு. ஆனா அதோட கூடவே வருறது எரிந்த வாயு. வெள்ளை தெரியலேன்னா ஆபத்து இல்லைன்னு எடுத்துக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் முறையிடுறது நியாயம்தான். வீட்டில் இருந்து வரும் புகை, வாயு தொல்லையா இருந்தா 1990 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி கவுன்சில்ல அவர் புகார் கொடுக்கலாம்.

திருத்தம்: ஆவி திருப்பும் செட். காற்று எடுக்கிற முனை பழைய இடத்திலேயே இருக்கும். 60 மி.மீ. புகைக்குழாய் மட்டும் சுவர் ஓரமா மேல போய், உயரமான இடத்துல திரும்பும். மூணு விஷயம் பாருங்க. தூர விதிகள் இப்போ புகை வெளியேறும் புது முனைக்குப் பொருந்தும், மேல் மாடி ஜன்னல், பீலி எல்லாத்தையும் திரும்ப அளக்கணும். மேல போற குழாயும் பாய்லரைப் பார்த்தே வடியணும், நடுவுல தொய்வு இருக்கக் கூடாது, பிடிப்புக் கிளிப் ஒவ்வொண்ணும் சுவர்ல திருகியிருக்கணும். கூடுற நீளம் அனுமதிச்ச மொத்தத்துக்குள்ள அடங்கணும். முனையை எல்லைக்கு அப்பால நீட்டக் கூடாது, அந்த வெளி பக்கத்து வீட்டுக்காரருடையது.

ஒரு எச்சரிக்கை. இந்த செட் திறந்த வெளியில ஆவியைத் திருப்பத்தான். மூடிய பாதைக்குள்ள இருந்து புகையை மட்டும் வெளியே கொண்டுபோய்ட்டா முதல் யோசனை சரியாயிடும்னு யாராவது சொன்னா, ஒத்துக்காதீங்க.

வீட்டுச்சோதனை எழுதியது:

வரைபடமேசைத் தம்பிக்கு: பொயிலர் மூலைக்கு வருகிறது, சரி. குழாய் முழுவதும் கண்ணுக்குத் தெரியுமா, அல்லது அலமாரிக்கு மேலே பெட்டி அடித்து மறைப்பார்களா?

மறைப்பதென்றால் ஒவ்வோர் இணைப்பையும் பார்க்கக்கூடிய திறப்பு வேண்டும். குறைந்தது 300க்கு 300 மி.மீ., எந்த இணைப்பில் இருந்தும் 1.5 மீற்றருக்குள். லண்டன் அடுக்குமாடி வீடுகளில் தாழ்ந்த உட்கூரைக்குள் நீளமாக ஓடும் குழாய்களால் வந்த விதி இது. 2013 ஜனவரி 1-இல் இருந்து, திறப்பு இல்லாமல் மறைந்து ஓடும் புகைக்குழாயைப் பொறியாளர் ‘ஆபத்துக்குரியது’ என்று வகைப்படுத்தி நிறுத்தச் சொல்வார். உட்கூரைக்குள் ஒரு இணைப்பு கழன்றால், குழாயில் இருந்து வருவது வெளியே போகாமல் படுக்கையறைக்கு மேலே சேரும். ஓட்டத்தில் எத்தனை இணைப்பு என்று பொறியாளரிடம் கேட்டு, திறப்புகளை மின்விளக்குகளோடு சேர்த்து உட்கூரை வரைபடத்திலேயே போட்டுவிடுங்கள். பூச்சு முடிந்த பிறகு வெட்டினால் எல்லாருக்கும் செலவு. குழாய் தன் பாரத்தில் தொய்யாமல் கையேடு சொல்கிற இடைவெளியில் பிடிகளும் வேண்டும், அந்தப் பிடிகளும் திறப்பால் தெரிய வேண்டும்.

காபனோரொட்சைட்டு அலாரமும் வரைபடத்தில் இருக்கட்டும். 2022 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் சமையல் அடுப்புத் தவிர நிலையான எரிபொருள் கருவி எதைப் புதிதாகப் பூட்டினாலும், மாற்றினாலும் அலாரம் கட்டாயம். பி.எஸ். ஈ.என். 50291 என்று போட்டிருக்க வேண்டும். பொயிலரில் இருந்து கிடையாக 1 முதல் 3 மீற்றருக்குள். உட்கூரையில் என்றால் எந்தச் சுவரில் இருந்தும் 300 மி.மீ. தள்ளி. சுவரில் என்றால் கதவு, யன்னலுக்கு மேலே, ஆனால் உட்கூரையில் இருந்து 150 மி.மீ. கீழே.

செங்கல்சாந்து எழுதியது:

அக்கா, இந்த வாயு பாரமானது, அலாரத்தைத் தரைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று பலர் சொல்கிறார்களே?

வீட்டுச்சோதனை எழுதியது:

பிழை. சிலிண்டர் காஸ் பாரமானது, அது தரையில் தேங்கும். காபனோரொட்சைட்டு காற்றை விடச் சற்று இலேசு, சூடான காற்றோடு கலந்து மேலே போகும். அலாரம் அலமாரிக்குள்ளேயோ திரைச்சீலைக்குப் பின்னாலேயோ போகக் கூடாது. அடித்தால் பொயிலரை நிறுத்தி, கதவு யன்னலைத் திறந்து, எல்லாரும் வெளியே வந்து 0800 111 999-க்கு அழைக்க வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, ஓங்காளம் வந்து, வெளியே போனதும் குறைந்தால், அலாரம் அடிக்காவிட்டாலும் இதையேதான் செய்ய வேண்டும். வயிற்றில் பிள்ளை உள்ளவர்களும் சின்னப் பிள்ளைகளும் உள்ள வீட்டில் ‘இருந்து பார்ப்போம்’ என்ற பேச்சே கூடாது.

வரைபடமேசை எழுதியது:

குழாய் அலமாரிக்கு மேலே ஓடுகிறது, பெட்டி அடிக்காமல் விடச் சொல்கிறேன். கதவுப் பலகைகளை எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டேன். முடிவில் பொறியாளரிடம் என்ன என்ன கேட்டு வாங்க வேண்டும்?

நீலச்சுடர் எழுதியது:

முதலில் காஸ் குழாய். பொயிலர் 4, 5 மீற்றர் தள்ளிப் போகிறது. காஸ் அளக்கும் மீற்றர்ப் பெட்டிக்கும் பொயிலருக்கும் நடுவில் அழுத்த இழப்பு 1 மில்லிபாருக்கு மேல் போகக் கூடாது. பழைய 15 மி.மீ. குழாயையே நீட்டினால் 30 கிலோவாட்டுக்குப் பெரும்பாலும் போதாது. 22 மி.மீ. குழாய்க்கு இடம் விடுங்கள்.

அமிலத் தண்ணீர்க் குழாயை வீட்டுக்குள்ளேயே சிங்க் கழிவோடு சேருங்கள். வெளியே எடுக்கத்தான் வேண்டும் என்றால் 32 மி.மீ., மேலே காப்புறை, முடிந்த அளவு குறுகிய ஓட்டம். மெல்லிய குழாய் வெளியே போனால் ஜனவரியில் உறைந்து பொயிலர் நின்றுவிடும்.

பிறகு சோதனை. புகைக்குழாய் சரியாகப் பூட்டப்பட்டதா என்று பார்க்க, காற்று உறிஞ்சும் வளையத்தில் மாதிரி எடுப்பார்கள். அங்கே ஒட்சிசன் 20.6 வீதத்துக்குக் குறையாமல், காபனீரொட்சைட்டு (கார்பன் டை ஆக்சைடு) 0.2 வீதத்துக்குக் கூடாமல் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் உள்ளே எங்கோ ஒரு வளையம் கிழிந்திருக்கிறது, அல்லது புகை முனையில் இருந்து திரும்பி வருகிறது. பிறகு புகைப் பக்கத்தில் காபனோரொட்சைட்டுக்கும் காபனீரொட்சைட்டுக்கும் உள்ள விகிதம் 0.004-ஐத் தாண்டக் கூடாது. முழு வேகத்திலும் குறைந்த வேகத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டையும் பொயிலர் கையேட்டின் பின்பக்கப் படிவத்தில் எழுதி, கையெழுத்தோடு வீட்டில் வைக்க வேண்டும். அச்சுத் தாளை மட்டும் கையில் கொடுத்தால் மங்கிப்போகும், எழுதச் சொல்லுங்கள்.

மடிப்புக் கதவை முழுதாகத் திறந்து வைத்தும் வளைய அளவை ஒருமுறை எடுக்கச் சொல்வேன். கையேட்டில் அது கேட்கப்படவில்லை, ஆனால் அந்த வீட்டில் கோடையில் கதவு திறந்தேதான் இருக்கப்போகிறது.

வீட்டுச்சோதனை எழுதியது:

வேலையைக் காஸ் சேஃப் பதிவேடு வழியாகக் கவுன்சிலுக்கு அறிவித்ததும் கட்டட ஒழுங்குவிதிச் சான்றிதழ் வீட்டுக்காரருக்குத் தபாலில் வரும். வீடு விற்கும்போது வழக்கறிஞர் முதலில் கேட்கிற தாள்களில் அதுவும் ஒன்று. வராவிட்டால் பொறியாளர் அறிவிக்கவில்லை என்று அர்த்தம், கடைசிக் கட்டணம் கொடுக்கும் முன் கேளுங்கள். நீட்டிப்புக்குத் தனியாக வருகிற கட்டடக் கட்டுப்பாட்டு ஆய்வாளருக்கும் புதிய முனையின் தூரங்களோடு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.